கடித்த பிள்ளையின் பெயர்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், தம்பி. பிள்ளையின் இடது கை உங்கள் பையில் உரசாமல் இருந்தால் போதும். இப்போதுதான் தூங்கினாள். என் பேத்தி. சஷ்டிகா என்று பெயர், சஷ்டி என்போம். என்னை அப்பாரு என்பாள். நாலு வயது நிறையப் போகிறது.

நீங்கள் பார்ப்பது தெரிகிறது. இந்த வெயிலில் பிள்ளைக்கு எதற்கு முழுக்கைச் சட்டை என்று நினைக்கிறீர்கள். ராசிபுரத்தில் ஏறினதிலிருந்து இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சளி என்று சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை, அதனால் உங்களிடம் உள்ளதைச் சொல்லலாம்.

என் கன்னமா? அது ஒன்றுமில்லை. கதவு இடித்துவிட்டது.

நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிற ஆள் இல்லை. முட்டைப் பண்ணையில் வேலை பார்த்தவன். இருட்டு அறை, ஒரு பல்பு. முட்டையை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விரிசல் இருக்கிறதா, உள்ளே இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கம், கழிவை ஒரு பக்கம் வைக்க வேண்டும். அந்த அறையில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு அது தோதான வேலை. மயிரிழை விரிசலும் என் கண்ணுக்குத் தப்பாது. "செங்கோடன் பாத்த அட்டைய மறுபடி யாரும் பாக்க வேண்டாம்" என்று முதலாளியே சொல்வார். அட்டை என்றால் முப்பது முட்டை வைக்கிற குழி அட்டை, கடையில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது நாமக்கல் கோர்ட்டுக்குப் போகிறேன். என் மேல் கேஸ். ஒரு ஆளுடைய தாடையும் ஒரு பெண்பிள்ளையின் மணிக்கட்டும் உடைந்துபோன கேஸ். நான் யாரையும் கைநீட்டி அடித்தவன் இல்லை, தம்பி. கல்யாணமான புதிதில் பெண்சாதிக்கு ஒன்றிரண்டு அடி வைத்திருப்பேன், அது கணக்கில் வராது. ஒரு முட்டையைக்கூடக் கைதவறிப் போட்டதில்லை.

பிள்ளையை ஏன் கூட்டிப் போகிறேன் என்றால், இவள்தான் என் சாட்சி. ஜட்ஜுக்கு முன்னால் இந்தச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டப் போகிறேன். வக்கீல் வேண்டாம் என்கிறார். அவருக்கு என்ன தெரியும். இன்னொரு தொல்லையும் உண்டு. இவள் அம்மாவும் இன்றைக்குக் கோர்ட்டுக்கு வருவாள். எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல. ஆறு மாதமாகப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் மகன் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான்: "அவ கையில புள்ள போச்சுன்னா நீ வூட்டுப் படி ஏறாத." அதனால்தான் மடியை விட்டு இறக்காமல் வைத்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி 'துளிர்' என்று ஒரு மழலையர் பள்ளி. பள்ளி என்றால் அதை நடத்துகிற வசுமதி டீச்சர் ஒத்துக்கொள்ளமாட்டார், இல்லம் என்பார். என் மருமகள் பூங்கோதை பி.எஸ்ஸி. படித்தவள். அவள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளையை அங்கேதான் விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். என் மகன் குணசீலன் முட்டை லாரி ஓட்டுகிறான், கேரளாவுக்கு லோடு. திங்கள்கிழமை போனால் சனிக்கிழமை வருவான். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான்.

முதல் நாள் டீச்சர் பெரியவர்களை எல்லாம் பாயில் உட்காரவைத்துப் பேசினார். "இங்க அடிக்க மாட்டோம், மிரட்ட மாட்டோம், மிட்டாய் காட்டி ஏமாத்தவும் மாட்டோம். நாம சொல்றதைக் குழந்தை கொஞ்சந்தான் கேக்குது. நாம இருக்கற விதத்தை முழுசாப் படிச்சுக்குது." நல்ல பேச்சுத்தான். ஆனால் அ ஆ கிடையாது, ஏபிசிடி கிடையாது. பிள்ளை உயரத்துக்குக் குழாய், பிள்ளை உயரத்துக்கு அலமாரி. வாழைப்பழத்தை அதுவே நறுக்கித் தின்ன வேண்டும். சிந்தினால் அதுவே துடைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கக் கண்ணாடி டம்ளர். இந்த வயதுப் பிள்ளை கையில் கண்ணாடியா என்று கேட்டேன். "உடையும்னு தெரிஞ்சாத்தான் பத்திரமாப் பிடிப்பாங்க, ஐயா" என்றார். அதை மட்டும் ஒத்துக்கொண்டேன். முட்டையும் அப்படித்தானே.

உடைந்தால் என்ன செய்வது என்றும் பழக்கியிருந்தார். கண்ணாடி விழுந்த சத்தம் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், மரம் மாதிரி. ஓடக் கூடாது. அழுகை வந்தால் நின்றபடி அழலாம். பெரியவர்கள் வந்து சில்லைக் கூட்டி அள்ளின பிறகுதான் கால் அசைய வேண்டும். நானே ஒரு நாள் கேட்டில் நின்று பார்த்தேன். ஒரு டம்ளர் விழுந்தது. அத்தனை பொடிசுகளும் நட்டுவைத்த மாதிரி நின்றன. சிரிப்பாக இருந்தது.

ஒரு பிள்ளை இன்னொன்றை அடித்தால் டீச்சர் மண்டி போடுவார். அடித்த பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துக்கொண்டு, "கையில இருக்கறதைக் கீழ வை. நான் இங்கயேதான் இருக்கேன்" என்பார். தண்டனை அவ்வளவுதான். நான் வீட்டில் சொன்னபோது குணா விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கப்பன் எங்கிட்ட மண்டி போட்டா பேசுனாரு? பெல்ட்டுல பேசுனாரு" என்றான். விளையாட்டுக்குச் சொல்வான். சின்ன வயதில் பெரிய சேட்டைக்காரன். பெற்ற பிள்ளையைத் திருத்துவது அடியில் சேராது, தம்பி.

இந்தக் கடி விஷயத்துக்குத்தான் அங்கே ஒரு தனிச் சட்டம். டீச்சர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இந்த வயசுல கடிப்பாங்க. வார்த்தை வராத இடத்துல பல்லு வரும். கடிபட்ட குழந்தையை முதல்ல மடியில வெச்சுக்குவோம். கடிச்ச குழந்தைக்கும் உள்ள வலிதான், அதுக்கு மெல்றதுக்கு ஈரத்துணி கழுத்துல கட்டி விடுவோம். ஆனா கடிச்சது யாருன்னு மட்டும் வெளிய சொல்ல மாட்டோம். பேர் வெளிய போச்சுன்னா, அந்தக் குழந்தைக்கு அதுவே பேராயிரும்."

இந்தச் சட்டம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஆனி மாதம், ஒரு திங்கள்கிழமை. கூட்டி வரப் போனேன். சஷ்டியின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, கடி. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, நடுவில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. "யார் கண்ணு கடிச்சது?" என்றேன். அவள் அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை, என்னை மாதிரி. கழுத்தில் ரிப்பனில் கட்டி ஒரு சின்ன வெள்ளைத் துணி தொங்கியது. ஈரமாக, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. புண்ணைத் துடைக்கக் கொடுத்திருப்பார்கள். அதைக்கூட நல்ல துணியாகக் கொடுக்கவில்லை பாருங்கள்.

டீச்சரைக் கேட்டேன். "கவனிச்சுக்கறோம் ஐயா" என்றார். பெயரைக் கேட்டேன். சட்டத்தைச் சொன்னார்.

அடுத்த திங்கள்கிழமையும் கடி. அதே இடது கை. அதற்கடுத்த வாரமும். மற்ற நாளில் ஏதாவது ஒன்று இருக்கும், இல்லாமலும் இருக்கும். திங்கள் தப்பாது. நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன். லீவு நாளில் வீட்டில் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி திரிந்துவிட்டு வருகிற ஏதோ ஒரு பயல், திங்கள்கிழமை வந்ததும் என் பேத்தி மேல் பாய்கிறான். அவனுக்கு இந்த இடது கைமேல் என்ன கோபமோ.

வாரம் ஒரு தரம் டீச்சரிடம் போய் நின்றேன். ஒரு தரம் அவர் என்னிடமே கேட்டார். "ஞாயித்துக்கிழமை வீட்ல எப்படிங்கய்யா இருக்கும்? இங்க ஒரு தட்டு கீழ விழுந்தாக்கூட சஷ்டி..."

"நான் கேட்டது பேரை. நீங்க எங்க வூட்டு ஞாயித்துக்கெழமையக் கேக்கறீங்க" என்றேன். நான் அப்படி எடுத்தெறிந்து பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசிவிட்டேன்.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் என்ன இருக்கிறது. ஆறு நாள் ரோட்டில் கிடந்தவன் கொஞ்சம் குடிப்பான். சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். பூங்கோதை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வாள், படித்தவள் அல்லவா. அப்புறம் நாலு பாத்திரம் உருளும். எந்த வீட்டில் இல்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிடுவேன். புருஷன் பெண்சாதி நடுவில் போகிற வழக்கம் எனக்கு இல்லை. சஷ்டியும் அழமாட்டாள். கையை வாயில் வைத்துக்கொண்டு என் மடியில் சமத்தாக இருப்பாள்.

ஒரு திங்கள்கிழமை நான் போவதற்கு முன்னாலேயே பூங்கோதை அங்கே போயிருந்தாள். ஒரு கண் வீங்கியிருந்தது அவளுக்கு, கதவு இடித்து. கேட்டுக்கு வெளியே நின்றேன். டீச்சர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். இவள் பொலபொலவென்று அழுதாள். பிறகு சொன்னாள், அது என் காதில் தெளிவாக விழுந்தது: "அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாருங்க டீச்சர். எங்க மாமாகிட்டயும் சொல்லிராதீங்க."

பாருங்கள், தம்பி. பெற்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்தப் பெயரை மறைக்கிறாள்.

குணாவிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைக் கேட்டான். "பேரச் சொல்லுடி" என்று கேட்டான். தலைமயிரைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் ஒரு மோது, "பேரச் சொல்லு." மறுபடி ஒரு மோது, "பேரச் சொல்லு." சுவர் அதிர்ந்து முருகர் படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. அப்போது இந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டுமே. உடைந்த சத்தம் கேட்டதும் அப்படியே மரம் மாதிரி நின்றுவிட்டாள். துளிரில் பழக்கின பழக்கம். நான்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். கையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. பூங்கோதை கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. மூக்கிலிருந்து இரத்தம் வருகிறது, வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு அழுத்தம்.

சரி, யாரும் சொல்லாவிட்டால் நாமே கண்டுபிடிப்போம் என்று முடிவு செய்தேன். முட்டைக்குள் இருப்பதையே கண்டுபிடிக்கிறவன் நான்.

கடியை உன்னிப்பாகப் பார்த்தேன். மேல் வளைவில் நட்டநடுவே ஒரு வெற்றிடம். இரண்டு முன்பல் பதிந்திருக்கிறது, நடுவில் ஒரு அரிசி நுழைகிற அளவு இடைவெளி. ஆக, முன்பல் விலகின பிள்ளை. எங்கள் வீட்டில்கூட எல்லாருக்கும் முன்பல் விலகித்தான் இருக்கும். எனக்கு, குணாவுக்கு, சஷ்டிக்கு. அதிர்ஷ்டம் என்பார்கள். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி அதிர்ஷ்டம், அந்தப் பயலுக்கு அது எங்கள் பிள்ளையைக் கடிக்க உதவியிருக்கிறது.

செங்காயாகக் கொய்யா வாங்கினேன். ரொம்பப் பழுத்தால் பல் பதியாது, ரொம்பக் காயாக இருந்தால் பிள்ளைக்குக் கடிக்க வராது. விடுகிற நேரத்துக்குக் கேட்டில் நின்றுகொண்டு, "ஒரே ஒரு கடி கடிச்சுட்டு அப்பாருகிட்டக் குடு கண்ணு" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் நீட்டினேன். அதுகளுக்கு ஒரே குஷி. "இந்தத் தாத்தா கடிச்சதைத் திருப்பி வாங்கிக்கறாரும்மா" என்று சிரித்தன. தாய்மார்களுக்கும் சந்தோஷம், பெரியவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று. வாங்கினதை முட்டை அட்டையில், குழிக்கு ஒன்றாக வைத்தேன். எந்தக் குழி எந்தப் பிள்ளை என்பது எனக்கு மனப்பாடம். மொத்தம் பதினாறு பிள்ளைகள். சஷ்டியை விட்டுப் பதினைந்து கொய்யா. கடிபட்ட பிள்ளையை யாராவது சந்தேகப்படுவார்களா.

வீட்டில் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாலு நல்ல பல். ஒன்றே ஒன்றில் நடுவில் வெற்றிடம். ஆத்விக் என்று ஒரு பையன். அவன் அப்பா சுதர்சன், இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறவர். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை.

சனி, ஞாயிறு கழிந்து திங்கள்கிழமை. லோடு தள்ளிப்போனதால் குணாவும் ஊரில் இருந்தான். அவனை எதிர்த்தாற்போல் டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் அட்டையோடு கேட்டுக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. மரியாதையாகத்தான் கேட்டேன். "உங்க பையந்தாங்க எங்க பிள்ளையக் கடிக்கறான். பாருங்க, பல்லு இங்க இருக்குது."

அவர் அட்டையைப் பார்த்தார். காய்ந்து கறுத்த கொய்யாக்களைப் பார்த்தார். "பெரியவரே, கொய்யாக்கா ஜோசியமா இது? இதுல கிளி எங்க?" என்றார்.

நின்றிருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள், தம்பி. நான் கூட்டத்தில் நின்று பேசினதே அன்றைக்குத்தான். கைதவறி அட்டை விழுந்துவிட்டது. கொய்யா எல்லாம் உருண்டது. வாழ்நாளில் என் கையிலிருந்து விழுந்த ஒரே அட்டை.

குணா டீக்கடையிலிருந்து அதைப் பார்த்தான். லாரி டயர் கழற்றுகிற லீவரோடு வந்தான்.

கேஸில் நான் சுதர்சனின் இரண்டு கையையும் முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறார்கள். பிடித்தேன். விலக்கிவிடத்தான் பிடித்தேன். கையைப் பிடிக்காமல் ஒரு ஆளை எப்படி விலக்குவது. முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். தேங்காய் உடைகிற சத்தம். மூன்றாவது அடிக்கு அந்த ஆளின் தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. இஸ்திரிச் சட்டை முழுக்க இரத்தம், என் சட்டையிலும். ஒரு பல் வந்து என் செருப்பில் ஒட்டிக்கொண்டது. முன்பல். நான் கையை விட்டேன், ஆள் கீழே சரிந்துவிட்டார்.

அதோடு நின்றிருக்கும். ஆனால் குணாவுக்கு வெறி. உள்ளே போய்விட்டான். பிள்ளை உயரத்துக்கு வைத்த குழாயை எல்லாம் ஒடித்தான். தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அலமாரியை ஒரே இழுப்பில் சாய்த்தான், அத்தனை கண்ணாடி டம்ளரும் ஒன்றாகக் கொட்டி நொறுங்கின. அந்தச் சத்தத்துக்கு நானே காதைப் பொத்திக்கொண்டேன்.

பிள்ளைகள் என்ன செய்தன தெரியுமா. ஒன்றுகூட ஓடவில்லை. கண்ணாடி உடைந்தால் மரம் மாதிரி நிற்க வேண்டும் என்பது பாடம். நின்றன. தண்ணீரும் கண்ணாடிச் சில்லும் காலைச் சுற்றி ஓடுகிறது, ஒரு லீவர் தலைக்கு மேலே வீசுகிறது, அத்தனையும் நட்டுவைத்த மாதிரி நின்றன. அந்த ஆத்விக்கும் நின்றான். கால்வழியே மூத்திரம் போகிறது, அசையவில்லை. ஜன்னல் வழியாக அவன் அப்பா கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சஷ்டியும் நின்றாள், கையை வாயில் வைத்துக்கொண்டு. பயமே இல்லாத பிள்ளைகளாக வளர்த்திருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

வசுமதி டீச்சர் வந்து குணாவுக்கு முன்னால் மண்டி போட்டார். கண்ணாடிச் சில்லின் மேல், வெறும் முழங்காலில். அவன் நிற்கிறான், இவர் கீழே. அண்ணாந்து அவன் கண்ணைப் பார்த்தார். கத்தவில்லை. "கையில இருக்கறதைக் கீழ வைங்க, குணசீலன். நான் இங்கயேதான் இருக்கேன்."

குணா நின்றுவிட்டான். லீவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அவன் முகம் எப்படியோ ஆகிவிட்டது. சின்ன வயதில் நான் ஆணியிலிருந்து பெல்ட்டை எடுக்கும்போது ஒரு முகம் வைப்பான், அந்த முகம். அழுதுவிடுவானோ என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, இத்தனை பேர் பார்க்க.

"என்னடா மசமசன்னு நிக்கற" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதைத்தான் தூண்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்கள். இதில் தூண்டுவதற்கு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். நான்காவது அடி டீச்சரின் மணிக்கட்டில் விழுந்தது. தலைக்குப் போனதை அவர் கையால் தடுத்தார். நடுவில் வந்தது அவர் குற்றம்.

போலீஸ் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேலம் ஜெயிலில் கொஞ்ச நாள் இருந்தோம், பிறகு ஜாமீன். இன்றைக்கு அவன் லோடோடு போய்விட்டான், அவனுக்கு வக்கீல் மனுப் போட்டுக்கொள்வார். நாங்கள் திரும்பி வருவதற்குள் பூங்கோதை பிள்ளையோடு வேலூருக்கு, நம் பரமத்தி வேலூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குணா போய்ப் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தான். லாரிப் படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி வந்தாளாம், விரலை மிதித்துத்தான் விடுவித்தானாம். அன்றிலிருந்து பிள்ளை எங்களிடம். சுதர்சன் கோயமுத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். அந்த டீச்சரைக் கேளுங்கள், மாவுக்கட்டோடு திரும்பத் துளிரைத் திறந்துவிட்டு, எங்களுக்கே ஆள் அனுப்புகிறார்: "சஷ்டியோட பாய் அப்படியேதான் இருக்கு, அனுப்பி வைங்க" என்று. மானம் ரோஷம் இல்லாத பெண்பிள்ளை.

என்ன கேட்டீர்கள்?

அந்தப் பையன் ஊரைவிட்டுப் போய் இத்தனை மாதம் ஆகிறதே, ஜட்ஜுக்குக் காட்டத் தழும்பு இன்னும் இருக்கிறதா என்றா? இருக்கிறது. நன்றாக இருக்கிறது. அதுதான் ஆச்சரியம். ஆறிக்கொண்டே வரும், பிறகு திங்கள்கிழமை பார்த்தால் புதுசு மாதிரி சிவந்திருக்கும். உடம்புச் சூடு என்று வைத்தியர் களிம்பு கொடுத்தார். விஷப்பல், அதனால்தான் ஆறவில்லை. இன்றைக்கும் திங்கள்தான். நேற்று குணா வீட்டில் இருந்தான். பூங்கோதை இல்லாததால் இப்போது சமையல் நான். நேற்றுக் குழம்பில் உப்பு... அது கிடக்கட்டும். கதவு இடித்ததென்று சொன்னேனே.

அடடா, என்ன இந்தக் கண்டக்டர் இப்படிக் கத்துகிறார். சில்லறைக்கு இவ்வளவு சத்தமா. பாருங்கள், பிள்ளை எழுந்துவிட்டாள்.

ஒண்ணுமில்ல கண்ணு. அப்பாரு இருக்கேன். அவங்க சும்மா பேசிக்கறாங்க. கைய எடு. வாயிலிருந்து கைய எடு சாமி. பசிக்குதா? பொறு, பையில கொய்யா இருக்குது. கைக்குப் பதிலா இதக் கடி. ம், நல்லாக் கடி. அப்பாரு கொஞ்சம் பிடிச்சுக்கறேன், கீழ போட்டுருவ.

வாங்கினால் பார்க்கிற பழக்கம், தம்பி. இந்த ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

...

என்ன?

இல்லை, ஒன்றுமில்லை. புழு. அதனால்தான் வெளியே எறிந்தேன். கொய்யா என்றால் புழு இருக்கத்தானே செய்யும். நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை அல்லவா. நல்லது.

கடித்தது அந்தப் பயல்தான், தம்பி. நான் பதினைந்தையும் பார்த்தவன்.

அழாத கண்ணு. வேற வாங்கித் தர்றேன். சட்டைக் கைய இறக்கிக்க, இரு, அப்பாரு பட்டன் போட்டு விடறேன். ஜட்ஜுக்கா? எதற்குக் காட்ட வேண்டும், பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்துவது சரியில்லை. வக்கீல் சொன்னதுதான் சரி.

புதன்சந்தை தாண்டிவிட்டதா? அப்படியானால் இதோ வந்துவிடும். உங்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். கோர்ட்டு வாசலில் இவள் அம்மா நிற்பாள். சீக்கிரமே வந்து நிற்பாள், எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்தால் பெண்கள் பக்கம் நான் எப்படிக் கூட்டிப் போவது. ஆம்பிளை போக முடியாது. அவளிடம்தான் விட வேண்டும், வேறு வழி இல்லை. குணா கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். நான் இந்தப் பக்கம் திரும்பி நிற்பேன். அந்த வாசலில் பஸ் ஏறுகிற கூட்டம் வேறு அதிகம். அவள் கூட்டிக்கொண்டு எந்தப் பக்கம் போனாள் என்று நான் எப்படிப் பார்ப்பது.

எனக்கு இப்போதெல்லாம் கண் முன்னைப்போல் தெரிவதில்லை, தம்பி.